கைவிரலில் குறை இருந்தால் இதயத்தை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

வாவிமகள் எழுதியது

என் தங்கைக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. இடது கையில் பெருவிரல் இல்லை என்றே சொல்ல வேண்டும். தோலில் தொங்கும் ஒரு சிறு முளை மட்டும் இருக்கிறது. வலது கையில் பெருவிரல் உண்டு. ஆனால் அது மற்ற விரல்களைப் போல நீண்டு, அவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. கால்களில் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள்.

ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்த பெண் வைத்தியர் விரல்களைப் பார்த்தார், முழங்கையை மடக்கி விரித்தார், பிறகு நெடுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுநாளே இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்று எழுதினார். விரலில் குறை என்றால் எலும்பு வைத்தியரிடம் அல்லவா அனுப்ப வேண்டும் என்று நாங்கள் குழம்பினோம். எக்கோவில் இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. தங்கை ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கிரகணம் வந்தது, அன்று அவள் மீன் வெட்டினாள் என்று தங்கையின் மாமியார் சொல்கிறார். அதைவிட வலிப்பது இன்னொன்று. பிள்ளைக்குத் தாயின் குடிதான், அதாவது தாய்வழிக் குலம்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே குறையும் தாயின் குடியிலிருந்துதான் வந்திருக்கும் என்கிறார்கள். 31ஆம் நாள் சடங்குக்குக்கூட மாப்பிள்ளை பக்கத்தில் பாதிப் பேர் வரவில்லை. தங்கை யாரிடமும் பேசுவதில்லை. குழந்தையின் கையை எந்நேரமும் துணியால் மூடியே வைத்திருக்கிறாள்.

கைக்கும் இதயத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய தாதி எழுதியது

தங்கச்சி, தொடர்பு இருக்கிறது. நெஞ்சைக் கேட்ட அந்த வைத்தியர் மிகச் சரியாகச் செய்திருக்கிறார். நான் பிள்ளைகள் விடுதிகளில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள். பெருவிரலிலோ முன்கையிலோ குறையோடு பிறந்த குழந்தைக்கு இதயத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடங்களில் ஒன்று.

முதலில் கிரகணக் கதையை முடித்துவிடுவோம். கரு உருவாகி ஏறத்தாழ 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 26ஆம் நாளளவில் கைகள் இரண்டு சிறு மொட்டுகளாக வெளியே வருகின்றன. ஓரிரு நாள் பிந்திக் கால்மொட்டுகள். 8ஆம் வாரம் முடியும்போது விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும், இதயத்தின் அறைகளுக்கு நடுவே சுவர்களும் எழும்பிவிடும். உங்கள் தங்கை மீன் வெட்டியது ஏழாம் மாதத்தில். அந்தக் கை அதற்கு ஐந்து மாதம் முன்பே இப்படித்தான் இருந்தது. இதை மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், கிளினிக்கில் வைத்தியரைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள். அவர் வாயால் கேட்டால் நம்புவார்.

ஒரு கேள்வி. குழந்தையின் தகப்பனுடைய கைகளை யாராவது பார்த்தீர்களா? இரண்டு உள்ளங்கைகளையும் மேலே திருப்பி, பெருவிரல்களை நன்றாகப் பாருங்கள். தாயின் கைகளையும் பாருங்கள்.


உயிரியல் ஆசிரியர் எழுதியது

உயர்தர மாணவர்களுக்கு முளைய விருத்தி, அதாவது கருவில் உடல் உருவாகும் விதம் கற்பிப்பவன் என்ற முறையில், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1960ஆம் ஆண்டு லண்டனில் மேரி ஹோல்ட், சாமுவேல் ஓராம் என்ற இரு வைத்தியர்கள் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்கு மேலறைச் சுவரில் ஓட்டை, கூடவே பெருவிரலில் குறை. அதனால் இந்நோய்க்கு ஹோல்ட்–ஓராம் கூட்டறிகுறி என்று பெயர். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தன. 12ஆவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கும் டீபிஎக்ஸ்5 என்ற பரம்பரையலகில் (ஜீன்) ஏற்படும் விகாரமே, அதாவது பழுதான மாற்றமே அது.

இந்தப் பரம்பரையலகு கையையோ இதயத்தையோ கட்டுவதில்லை. கட்டும் வேலையை எப்போது, எங்கே தொடங்குவது என்று மற்றப் பரம்பரையலகுகளுக்கு ஆணையிடுகிறது. வயல் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் தானாக வயலுக்குப் போவதில்லை. தண்ணீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை, இன்று இந்தக் கண்டத்துக்கு (வயற்பகுதிக்கு), நாளை அந்தக் கண்டத்துக்கு என்று திறந்துவிடச் செய்ய வேண்டும். டீபிஎக்ஸ்5 அப்படியொரு வட்டவிதானை. அவர் பொறுப்பில் இரண்டு கண்டங்கள்: ஒன்று இதயம், மற்றது கை. இரண்டும் முளையத்தில் அடுத்தடுத்து ஒரே படையிலிருந்து எழுபவை. வட்டவிதானை நோயில் படுத்தால் இரண்டு கண்டமும் சேர்ந்தே காயும்.

நம் ஒவ்வொருவரிடமும் இந்தப் பரம்பரையலகின் பிரதிகள் இரண்டு இருக்கின்றன, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது நல்லதாக இருந்தும் போதவில்லை. அரைவாசித் தண்ணீரில் வாய்க்காலின் தலைப்பு வயல்கள் விளைந்துவிடும், கடைக்கோடி வயல்கள்தான் வாடும். இந்நோயில் கையின் கடைக்கோடி என்பது பெருவிரலும் அதன் பக்கத்து மணிக்கட்டு எலும்புகளும் முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பும். கடுமையாக இருந்தால் தோள்வரை குறுகிவிடும். இலேசாக இருந்தால் எக்ஸ்றேயில் மட்டும் தெரியும் ஒரு மணிக்கட்டு எலும்பின் வடிவ மாற்றம். பெரும்பாலும் இடது கை வலது கையைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படும், உங்கள் தங்கை மகளுக்கு இருப்பதைப் போலவே.

மீன் வெட்டியதால் வந்தது என்று சொன்னவர்களுக்கு அந்த மீனையே காட்டலாம். செவுளை இழுத்தெடுக்கும்போது பக்கத்திலேயே இதயம் இருக்கும், அதற்கு அடுத்தே மார்புத் துடுப்பு. நம் கை அந்தத் துடுப்பின் வழியில் வந்தது. 2002இல் ஆய்வுக்கூடத்தில், வரிக்குதிரை மீன் என்ற சிறு தொட்டி மீனில் இதே பரம்பரையலகு பழுதான ஓர் இனத்தை விவரித்தார்கள். அந்த மீன்குஞ்சுகளுக்கு மார்புத் துடுப்பே முளைக்கவில்லை. இதயமும் வளைந்து உருப்பெறாமல் நூலைப் போல நீண்டு போனது. கையும் இதயமும் ஒரே ஆணையைக் கேட்பது மனிதனில் தொடங்கிய ஏற்பாடு அல்ல.


வயற்காரன் எழுதியது

ஆசிரியர் ஐயா, வட்டவிதானை உவமை நன்றாக விளங்கியது. இரண்டு சந்தேகம். கையும் காலும் ஒரே மாதிரித்தானே முளைக்கின்றன, காலை ஏன் இது தொடவில்லை? மாரடைப்பு வரும்போது இடது கை வலிக்கிறதே, அதற்குக் காரணமும் இந்தத் தொடர்புதானா?


உயிரியல் ஆசிரியர் எழுதியது

காலுக்கு வேறு வட்டவிதானை. டீபிஎக்ஸ்4 என்ற இன்னொரு பரம்பரையலகு கால்மொட்டைப் பார்த்துக்கொள்கிறது. அது பழுதானால் முழங்கால் சில்லு சிறுத்துப் போகும் நோய் உண்டு, அதில் கைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. டீபிஎக்ஸ்5க்கு அருகிலேயே 12ஆவது நிறமூர்த்தத்தில் டீபிஎக்ஸ்3 இருக்கிறது. அது பழுதானால் குறை சின்னவிரல் பக்கத்தில் வரும். ஆகவே கையின் எந்த ஓரத்தில் குறை என்பதே வைத்தியருக்கு ஒரு செய்தி.

மாரடைப்பு வலி வேறு விடயம். இதயத்திலிருந்தும் இடது கையின் உட்பக்கத்திலிருந்தும் வரும் நரம்புகள் முள்ளந்தண்டில் ஒரே மட்டத்தில் நுழைகின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை தடுமாறுகிறது.


கல்முனை ராத்தா எழுதியது

சகோதரி, உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் சொந்தத்தில் முடித்தவர்களா? என் தம்பி மாமியின் மகளைத்தான் முடித்தான். அவர்களுடைய முதல் பிள்ளைக்கு இரண்டு கைகளிலும் சின்னவிரலை ஒட்டி ஆறாவது விரல். கைகால் குட்டை, நகங்கள் வளரவே இல்லை. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் சுவரே இருக்கவில்லை, இரண்டும் ஒரே அறையாக இருந்தன. எல்லிஸ்–வான் கிரிவெல்ட் என்று கடிதத்தில் எழுதினார்கள். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. பிள்ளை ஐந்து மாதம் இருந்தது.

ஆறாவது விரல் பிறந்தவுடன் எங்கள் உம்மா சந்தோஷப்பட்டார், ஆறு விரல் அதிர்ஷ்டம் என்பார்கள். நூலால் கட்டினால் விழுந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. முதன்முதல் பார்த்த இடத்தில் யாரும் நெஞ்சைப் பார்க்கச் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் மூச்சு வாங்கியபோதுதான் எக்கோ எடுத்தார்கள். உங்கள் பிள்ளைக்கு முதல் கிழமையிலேயே பார்த்துவிட்டார்கள். அல்லாஹ் அந்த வைத்தியருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.


தம்பிலுவில் தம்பி எழுதியது

ராத்தா சொல்வதிலிருந்து, இது சொந்தத்தில் முடிப்பதால் வருவது என்றே தெரிகிறது. மச்சான் மச்சாள் திருமணத்தை நாம் நிறுத்த வேண்டும்.


உயிரியல் ஆசிரியர் எழுதியது

தம்பி, இரண்டு நோய்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ராத்தாவின் தம்பி பிள்ளைக்கு வந்தது பின்னிடைவான நோய். தாய், தந்தை இருவரும் பழுதான பிரதி ஒன்றை ஒளித்து வைத்திருந்து, இரண்டும் பிள்ளையில் சந்தித்தால்தான் அது வெளிப்படும். சொந்தத்தில் முடிப்பவர்களுக்குப் பாட்டன் பாட்டி பொது என்பதால் அந்தச் சந்திப்பு நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேர் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். பெற்றோர் மச்சான் மச்சாளாக இருந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள்.

ஹோல்ட்–ஓராம் ஆட்சியான நோய். ஒரே ஒரு பழுதான பிரதி போதும், யாரைத் திருமணம் செய்தாலும் வெளிப்படும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ ஒரே கணக்குத்தான். தாயின் குடி, தந்தையின் குடி என்று அது பார்ப்பதில்லை. பலருக்குப் பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும் பிள்ளையில்தான் முதன்முதலாக விகாரம் தோன்றும். அதற்கு எவரும் எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை.


வாவிமகள் எழுதியது

நேற்றுப் பின்னேரம் மச்சானின், அதாவது தங்கை கணவரின் கைகளைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. இரண்டு பெருவிரல்களும் மெலிந்து நீண்டவை. மடக்கச் சொன்னபோது மற்ற விரல்களைப் போல இரண்டு இடத்தில் மடங்கின. சட்டைப் பொத்தானைப் பெருவிரலால் போடாமல் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துப் போடுகிறார். சிறு வயதிலிருந்தே அப்படித்தானாம். மட்டக்களப்பில் கடை வைத்திருக்கிறார், மூட்டை தூக்குகிறார், ஒரு நாளும் நெஞ்சு நோ என்று சொன்னதில்லை.

எனக்குக் கை நடுங்கியது. என்ன செய்ய வேண்டும்?


பழைய தாதி எழுதியது

பயப்படாதீர்கள் தங்கச்சி. பெருவிரலில் இரண்டு எலும்புக்குப் பதில் மூன்று எலும்பு இருப்பது இந்நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. ஆனால் முடிவு செய்ய வேண்டியவர்கள் வைத்தியர்கள்.

உங்கள் மச்சான் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். நோ இல்லை என்று விட்டுவிடக் கூடாது. இந்நோய் உள்ளவர்களில் நால்வரில் மூவருக்கு இதயத்தில் ஏதோவொன்று இருக்கும். ஓட்டை இல்லாதவருக்குக்கூட, இதயத்துக்குள் மின்துடிப்பு மேலிருந்து கீழே போகும் பாதை வயது ஏற ஏற மந்தமாகலாம். அது முற்றினால் மயக்கம் வரும், திடீர் மரணமும் வரும். ஆண்டுதோறும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், தேவைப்பட்டால் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்கலாம். ஆகவே இந்தக் குழந்தை தன் தகப்பனுக்கு நன்மை செய்திருக்கிறாள் என்றே நான் நினைக்கிறேன்.

குழந்தைக்கு முழு இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். பெருவிரலும் ஆரை எலும்பும் குறைவதற்கு வேறு நோய்களும் உண்டு. ஃபான்கோனி இரத்தசோகையில் கை ஏறக்குறைய இப்படியே இருக்கும், ஆனால் சில ஆண்டுகளில் எலும்பு மச்சை இரத்தம் ஊறுவதை நிறுத்திவிடும். இன்னொன்றில் ஆரை எலும்பே இராது, பெருவிரல் மட்டும் இருக்கும், இரத்தச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும். கைகளைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்துவிட முடியாது.

ஓட்டையைப் பற்றி: சிறிதாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளலாம். பெரிதாக இருந்தாலும் அவசரமில்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குச் சற்று முன்புவரை பார்த்திருந்து, தொடை இரத்தக்குழாய் வழியாகக் குடை போன்ற மூடியை வைத்தோ அறுவைச் சிகிச்சை செய்தோ அடைப்பார்கள். அடிக்கடி சளி, நெஞ்சுத் தொற்று, பால் குடிக்கும்போது வியர்வை, எடை ஏறாமை இவற்றைக் கவனியுங்கள். இடது கைக்கு வழி இருக்கிறது. சுட்டுவிரலை இடம் மாற்றிப் பெருவிரலாக அமைக்கும் சிகிச்சையைச் சிறு வயதிலேயே செய்கிறார்கள். பேனா பிடிப்பாள், பொத்தான் போடுவாள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் முன் இதய வைத்தியரின் சம்மதம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கையைத் துணியால் மூட வேண்டாம். அசைக்கட்டும், பிடிக்கப் பழகட்டும்.


தம்பிலுவில் தம்பி எழுதியது

அக்கா, மருத்துவம் சரி. ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தங்கை இருந்தால்? திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால்? பரம்பரை நோய் என்ற சொல் ஒரு முறை வெளியே போனால் திரும்பி வராது. எங்கள் ஊரில் வலிப்பு நோய் என்ற பேச்சினால் மூன்று அக்காமார் திருமணமாகாமல் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்கு வலிப்பே கிடையாது. சோதனை செய்யுங்கள், ஆனால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.


கல்முனை ராத்தா எழுதியது

தம்பி, உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால்தான் நாங்கள் இழந்தோம். என் தம்பி பிள்ளை மௌத்தான பிறகுதான், மாமியின் வீட்டில் முன்பு இதே மாதிரி ஆறு விரலோடு ஒரு பிள்ளை பிறந்து இறந்தது என்று தெரிய வந்தது. இருபது ஆண்டுகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் முதல் நாளே எக்கோ எடுத்திருப்போம். பிள்ளை பிழைத்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மூன்று மாதம் ஒன்றும் அறியாமல் இருந்திருக்க மாட்டோம்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். உடன்பிறந்தவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.


தம்பிலுவில் தம்பி எழுதியது

உடன்பிறந்தவர்களுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரித்தான் ராத்தா. நான் இன்னும் மாறுபடுகிறேன்.


பாலத்தடி எழுதியது

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மனைவி இப்போது மூன்று மாதம். வாந்திக்குக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையால் கையில்லாத பிள்ளைகள் பிறந்தார்கள் என்று முன்பு கேள்விப்பட்டது நினைவுக்கு வந்து மூன்று நாளாகத் தூக்கமில்லை.


பழைய தாதி எழுதியது

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பகால வாந்திக்கும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்தார்கள், அவர்களில் பலருக்கு இதயத்திலும் குறை. 1961 இறுதியில் அங்கே அதை நிறுத்தினார்கள். கரு உருவாகி மூன்றாம் கிழமைக்கும் ஐந்தாம் கிழமைக்கும் இடையில் எடுத்தவர்களுக்கே அந்தக் கேடு வந்தது. கையும் இதயமும் உருவாகும் அதே நாட்கள், பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இன்று வாந்திக்குக் கிளினிக்கில் கொடுப்பது அந்த மருந்து அல்ல. மாத்திரை அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி ஒரு முறை கேட்டுவிடுங்கள், மனம் ஆறும். மனைவியிடம் இந்தக் கதைகளைச் சொல்லாதீர்கள்.


வாவிமகள் எழுதியது

பத்து நாளாக எழுத முடியவில்லை. எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

மச்சான் ஈ.சி.ஜி. எடுத்தார். மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்புப் போகும் நேரம் நீண்டிருக்கிறது, முதலாம் நிலைத் தடை என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது சிகிச்சை வேண்டாம், ஆண்டுக்கொரு முறை வர வேண்டும் என்றார்கள். எக்கோவில் ஓட்டை இல்லை. குழந்தையின் இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது. கொழும்பு மருத்துவ பீடத்து மரபியல் பிரிவுக்கும் கடிதம் தந்திருக்கிறார்கள்.

வைத்தியர் மச்சானிடம் குடும்பத்தில் வேறு யாருக்காவது கை இப்படி இருந்ததா என்று கேட்டபோது மாமியும் கூட இருந்தார். முதலில் இல்லை என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, தன் கணவருக்கு உள்ளங்கையை மேலே திருப்ப முடியாது என்றார். கோயிலில் திருநீறு வாங்கும்போது ஐயர் முன்னால் முழு உடம்பையும் சரித்துத்தான் கையை நீட்டுவாராம். கள்ளம் பண்ணுகிறார் என்று பகிடி செய்வார்களாம். 46 வயதில் அறுவடைக் காலத்தில் வரம்பில் விழுந்து இறந்தார். உச்சி வேளையில் காற்றுப் பட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமி என் பக்கத்தில் இருந்து வாவியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை வாங்கி, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கிரகணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. தங்கையிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் தன் மூத்த மகளுக்கு அவரே தொலைபேசி எடுத்து, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். தம்பிலுவில் தம்பி, நீங்கள் சொன்னது போலவே இளைய மகளுக்குப் பேச்சு நடக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மச்சான் சொல்ல வேண்டும் என்கிறார், மாமி வேண்டாம் என்கிறார்.

அடுத்த மாதம் குழந்தையைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தையோடு இரவு பஸ் நல்லதா, ரயில் நல்லதா?


பழைய தாதி எழுதியது

ரயில். எழுந்து நடக்கலாம், இருந்து பால் கொடுக்கலாம். குளிரூட்டியிலிருந்து காற்று நேரே குழந்தையின் முகத்தில் படாத இடமாகப் பாருங்கள். எக்கோ அறிக்கையும் மச்சானின் ஈ.சி.ஜி. தாளும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். முடிந்தால் மாமியையும் கூட்டிப் போங்கள், அவர் கணவரைப் பற்றி அங்கேயும் கேட்பார்கள்.


வாவிமகள் எழுதியது

நன்றி அக்கா. மாமி தன் பெயருக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார்.